இருபதுக்கு மேல் நாலு விரல்

அருப்புக்கோட்டையில் ரசம் சோற்றை ஸ்பூனால் தின்கிற ஒரே தறிக்காரன் கார்த்தீஸ்வரன்தான். கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் சட்டைப் பையிலிருந்து ஸ்பூனை எடுப்பான். அதுவும் இடது கையில். "துரை வந்துட்டாருப்பா, மேசை நாற்காலி போடுங்க" என்று பக்கத்து இலைக்காரன் கேலி பண்ணுவான். அவன் பாட்டுக்கு ஸ்பூனால் அள்ளுவான். வலது கை தொடைமேல் சும்மா கிடக்கும்.

அந்தக் கைக்கு ஒரு வியாதியும் இல்லை. நானே பிடித்துப் பார்த்தேன். விரல் ஐந்தும் ஒழுங்காக இருக்கின்றன. தறியில் அறுந்த இழையை அந்தக் கையால்தான் முடிகிறான். வாய்க்கு மட்டும் அதைக் கொண்டுபோக மாட்டான். ஏன் என்று நான் நச்சரித்து, அவன் ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதுதான் இது. பேய் என்றால் ராத்திரி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவீர்கள். இது நடந்தது பட்டப்பகலில். ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எனக்கு இதைக் கேட்ட அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

கார்த்தீஸ்வரனுக்கு இரண்டு விசைத்தறி. அவனும் அவன் பெண்டாட்டி தேவிபிரியாவும் மாறி மாறி ஓட்டுவார்கள். ஒரே பெண், இரண்டாம் வகுப்பு படிக்கிறது. குடியிருப்பது வாடகை வீடு. தறிச் சத்தத்தில் சுவர் விரிசல் விடுகிறது, தைக்குள் காலி பண்ணு என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். தறியோடு வருகிற குடும்பத்துக்கு டவுனில் ஒருத்தரும் வீடு தருவதில்லை. கேட்டவுடனே கதவைச் சாத்துகிறார்கள். சொந்த வீடு வாங்கவேண்டும், இல்லையென்றால் தறியை விற்கவேண்டும். தறியை விற்றால் சோறு கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவன் அல்லாடிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் எம்.ரெட்டியபட்டி போகிற ரோட்டில் அந்த வீட்டுச் சுவரைப் பார்த்தான். "வீடு விற்பனைக்கு" என்று நீலத்தில் எழுதி, கீழே போன் நம்பர். முன்னால் ஓட்டு வீடு. பின்னால் நீளமான கொட்டகை. நாலு தறி போடலாம். சுற்றிலும் சீமைக் கருவேலங்காடு. எவ்வளவு சத்தம் போட்டாலும் கேட்க நாதியில்லை. தறிக்காரனுக்கென்றே கட்டிவைத்த மாதிரி இருந்தது.

போன் போட்டான். எடுத்தவர் பெயர் சோலைச்சாமி. விலையை முதலிலேயே சொல்லிவிட்டார். முப்பத்தெட்டு லட்சம்.

கார்த்தீஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கருவேலங்காட்டில், தண்ணீர் லாரி பார்த்துக் குடம் தூக்கி ஓடுகிற இடத்தில், முப்பத்தெட்டு. விசாரித்த இடத்திலெல்லாம் இருபத்திரண்டே அதிகம் என்றார்கள். ஆனால் விற்கிறவன் சொல்கிற விலைக்கு யார் வாங்குகிறார்கள்? பேசினால் குறையும். பாங்க்கில் வீட்டு லோன், தேவிபிரியாவின் நகை, எல்லாம் சேர்த்து இருபத்துநாலு வரை புரட்டலாம். அதற்கு மேல் உயிரைத்தான் கொடுக்கவேண்டும் என்று அவன் விளையாட்டாகச் சொன்னான்.

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இருவரும் பைக்கில் போனார்கள். பகல் பன்னிரண்டு மணி. ரோட்டுக்கு எதிர்ப்புறம் ஒரு பெட்டிக்கடை. கடைக்காரப் பெண் இவர்களைப் பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்து, பிறகு சோடாப் பாட்டிலை அடுக்கக் குனிந்துகொண்டாள்.

சோலைச்சாமி வாசலிலேயே நின்றார். அறுபதை நெருங்குகிற வயது. வாய் நிறைய வெற்றிலை. இடது கைச் சுண்டுவிரல் நகத்தை நீளமாக வளர்த்திருந்தார். அதால் காதைக் குடைந்து, நுனியில் வந்ததை உற்றுப் பார்த்து, கதவு நிலையில் தேய்த்தார். விற்கப்போகிற வீட்டின் நிலையில்.

"வாங்க தம்பி. வாங்க தாயி. எங்க அய்யா கட்டுன வீடு. ஒரு செங்கல் அசையாது."

உள்ளே நுழைந்ததும் செருப்பு தரையில் ஒட்டியது. காலைத் தூக்கும்போதெல்லாம் 'பிசுக்… பிசுக்…' என்றது. செருப்பைக் கழற்ற மனம் வரவில்லை. சோலைச்சாமி நடு வீட்டின் மூலையில் 'புளிச்' என்று துப்பினார். அந்த மூலை ஏற்கெனவே கன்றிச் சிவந்து கிடந்தது. கார்த்தீஸ்வரன் காலைத் தள்ளி வைத்தான். முப்பத்தெட்டு லட்சம் கேட்கிற மனுஷன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி வைக்கக் கூடாதா என்று எரிச்சலாக வந்தது.

சுவரெல்லாம் இடுப்பு உயரத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு. அதில் முடி ஒட்டியிருந்தது. குட்டை குட்டையாக, செம்பட்டையாக.

"என்ன அண்ணாச்சி இது, முடி?"

"வாடகைக்கு இருந்தவன் நாய் வளத்தான்."

இடுப்பு உயரத்துக்கு எந்த நாய் உரசும் என்று அவன் கேட்கவில்லை. வீடு பார்க்கப் போகிறவனுக்குக் கண் இருக்கும், வாய் இருக்காது. தேவை அப்படி.

வாடை வேறு. செத்த எலி வாடை இல்லை, சாக்கடை வாடையும் இல்லை. பச்சைத் தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டு மறந்துவிட்ட மாதிரி ஒரு வாடை. அது மூக்கில் ஏறவில்லை, நாக்கில் வந்து உட்கார்ந்தது. இரண்டு தடவை எச்சிலை விழுங்கிப் பார்த்தான். விழுங்கியதும் இன்னும் மோசமாக இருந்தது.

ஆனால் பின்னாலிருந்த கொட்டகை சுத்தமாக இருந்தது. வீட்டைவிடச் சுத்தமாக. கல்தூண் வரிசையாக நின்றது. தரையில் முளைக்குச்சிகள் அடித்திருந்தன. ஒவ்வொரு முளையிலும் புதுக் கயிறு கட்டியிருந்தது. கல்தொட்டியில் தண்ணீர் விளிம்பு வரை நின்றது.

"மாடு இருக்கா அண்ணாச்சி?"

"மாடு ஏது. அய்யா காலத்தோட போச்சு."

'புஸ்ஸ்…' என்று கனமாக ஒரு மூச்சு கேட்டது. கார்த்தீஸ்வரன் திரும்பிப் பார்த்தான். கொட்டகை காலியாகக் கிடந்தது. வெயிலுக்குத் தகரக் கூரை முனகுகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

தேவிபிரியா அவன் பக்கத்தில் வந்து, வீட்டுப் பாஷையில், கன்னடத்தில், மெல்லக் கேட்டாள். எவ்வளவு வரை போவீர்கள் என்று. இருபத்துநாலு, அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று அவனும் கன்னடத்திலேயே சொன்னான். விற்கிறவன் எதிரில் அவர்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். துணிக்கடையிலும் சரி, நகைக்கடையிலும் சரி. அது அவர்கள் சாதி ஜனத்துக்கு இருக்கிற ஒரு வசதி.

அடுத்து அடுப்படிக் கதவைத் திறந்து காட்டினார் சோலைச்சாமி. திறந்த மாத்திரத்தில் தேவிபிரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். ரோட்டோரத்தில் அவள் ஓங்கரிக்கிற சத்தம் உள்ளே கேட்டது. பெட்டிக்கடைப் பெண் தண்ணீர் கொண்டு ஓடுவது சன்னல் வழியாகத் தெரிந்தது.

"வெயிலு ஒத்துக்கல போல" என்றார் சோலைச்சாமி. "நாம பேசுவோம்."

இப்படி ஒரு வீட்டுக்கு இப்படி ஒரு விலையா என்ற கோபத்தில் கார்த்தீஸ்வரன் எடுத்த எடுப்பிலேயே சொன்னான்.

"இருபத்திரண்டு அண்ணாச்சி."

சோலைச்சாமிக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். "அடிமாட்டு வெலைக்குக் கேக்குறீகளே தம்பி" என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னதையே பெரிய நகைச்சுவை போல நினைத்து மறுபடி சிரித்தார். வெற்றிலைச் சாறு கடைவாயில் ஒழுகியது. துடைக்கவில்லை. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

"வாயால பேச வேணாம். பங்காளிக ஓட்டுக் கேப்பாய்ங்க. கையில பேசுவோம்."

மாட்டுச் சந்தையில் துண்டு போட்டு விலை பேசுவதைக் கார்த்தீஸ்வரன் பார்த்திருக்கிறான். இரண்டு பேர் கையும் துண்டுக்குள் இருக்கும். விரலைப் பிடித்துக் காட்டுவார்கள். ஒரு விரல் பிடித்தால் ஒன்று. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. உள்ளங்கையை அழுத்தினால் சம்மதம். சுற்றி நிற்பவனுக்கு ஒரு இழவும் புரியாது. மாட்டுக்குச் செய்வதை வீட்டுக்கும் செய்வார்களா என்று நினைத்தான். கிராமத்து ஆள், அவர் வழிக்கே போவோம் என்று விட்டுவிட்டான்.

சோலைச்சாமி சுவர் ஆணியில் தொங்கிய துண்டை எடுத்தார். எடுக்கும்போது ஈக்கள் 'ஙொய்' என்று கிளம்பின. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மூலையில் அவ்வளவு எச்சில் கிடக்கிறது, அதில் ஒரு ஈ இல்லை. எல்லாம் அந்தத் துண்டின்மேல்தான் மொய்த்துக்கொண்டிருந்தன.

"அய்யாவோட துண்டு" என்றார். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது தவிட்டு நிறம். விறைத்து, அட்டை மாதிரி மடங்கியது. ஒரு மரப்பெட்டிக்கு இந்தப்புறம் கார்த்தீஸ்வரனும் அந்தப்புறம் அவரும் உட்கார்ந்தார்கள். பெட்டிமேல் துண்டு விழுந்தது.

"லட்சத்துல பேசுறோம் தம்பி. இருபதுக்கு மேல எத்தனைன்னு மட்டும் கையில. மூஞ்சியப் பாக்கக் கூடாது. சுவத்தப் பாத்துக்கோங்க."

கார்த்தீஸ்வரன் சுவரைப் பார்த்துக்கொண்டான். வலது கையைத் துண்டுக்குள் விட்டான்.

சோலைச்சாமியின் கை காய்ந்து சொரசொரப்பாக இருந்தது. முதலில் அவன் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். விட்டு, மூன்று விரலைப் பிடித்தார். ஐந்தும் மூன்றும் எட்டு. இருபத்தெட்டு. ஒரே மூச்சில் பத்து லட்சம் இறங்கிவிட்டார். கார்த்தீஸ்வரன் அவருடைய விரலில் இரண்டைப் பிடித்தான். அவர் ஏழுக்கு வந்தார். இவன் மூன்றுக்கு ஏறினான். இறங்குகிறான், மடங்கிவிடுவான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நாலு தறி, சொந்தக் கூரை. கழுவி, சுண்ணாம்பு அடித்தால் வாடை போய்விடும். எல்லாம் போய்விடும்.

அப்போது போன் அடித்தது.

"செத்த பொறுங்க. கைய எடுத்துராதீக, பேச்சு முறிஞ்சுரும்" என்றார் சோலைச்சாமி. அவர் கை விலகியது. கார்த்தீஸ்வரன் கையை எடுக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். போனில் அவர் பேசுவது காதில் விழுந்தது.

"ஆமா… வந்திருக்காக… ம்… பேசிட்டிருக்காக…"

ஒரு ஈ அவன் உதட்டில் வந்து உட்கார்ந்தது. தலையை ஆட்டி விரட்டினான்.

துண்டுக்குள் விரல்கள் மறுபடி வந்தன.

ஈரமாக இருந்தன. சீ… எதைத் தொட்டுவிட்டு வந்தான் இந்த மனுஷன் என்று அவனுக்கு உடம்பு கூசியது. இந்தத் தடவை சொரசொரப்பு இல்லை. தொளதொளவென்று, ஊறிப் போன தோல் மாதிரி. உள்ளே எலும்பு தனியாக நழுவியது. போன் வலது கையில் இருக்கும், இது இடது கையாக இருக்கும் என்று நினைத்தான். ஆனால் இடது கையில்தானே அந்த நீள நகம்…

நகம் எங்கேயும் குத்தவில்லை.

அந்தக் கை அவசரப்படவில்லை. அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்தது. பிடித்து, நுனி வரைக்கும் தடவிப் பார்த்தது. ஒன்று.

நடுவிரல். தடவியது. இரண்டு.

மோதிர விரல். மூன்று.

அங்கே நின்றது. கார்த்தீஸ்வரன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். போனில் சோலைச்சாமி "ம்… ம்…" என்று கொட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு சுண்டுவிரல். அதை மட்டும் அழுத்தவில்லை. மிக மெதுவாக, இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற மாதிரி, இரண்டு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. வெகு நேரம். பிறகு பிடித்துக்கொண்டது.

நாலு.

கட்டைவிரலைத் தொடவில்லை. அவன் உள்ளங்கையில் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தியது.

இருபத்துநாலு. நினைத்த விலை. கார்த்தீஸ்வரனுக்கு அருவருப்பெல்லாம் மறந்துபோனது. வீடு முடிந்தது. அவனும் அந்தக் கையை அழுத்தினான். இனிமேல் முகத்தைப் பார்க்கலாம் என்று சிரித்துக்கொண்டே திரும்பினான்.

சோலைச்சாமி வலது கையால் போனைக் காதில் வைத்திருந்தார்.

இடது கையில் தீக்குச்சி. பல்லைக் குத்திக்கொண்டிருந்தார்.

இரண்டு கையும் வெளியே இருந்தன…

துண்டுக்குள் அந்தக் கை அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இழுத்தான்.

விடவில்லை.

'புஸ்ஸ்…'

மூச்சு. துண்டு ஒரு தடவை மேலே எழும்பி இறங்கியது…

காலைப் பெட்டியில் கொடுத்து உதைத்து இழுத்தான். 'சளக்' என்று ஒரு சத்தத்தோடு கை வெளியே வந்தது. துண்டு கீழே விழுந்தது. பெட்டிமேல் ஒன்றும் இல்லை. அவன் நாலு விரலிலும் கொழகொழவென்று ஏதோ அப்பியிருந்தது. அதில் குட்டை குட்டையாகச் செம்பட்டை முடி.

சோலைச்சாமி அவனைப் பார்க்கவே இல்லை. போனில் சொன்னார்.

"ம்… நாலு."

அவன் வாயைத் திறந்து நாலு என்று சொல்லியிருக்கவில்லை. அவர் போனை மடியில் செருகிக்கொண்டு, துண்டை எடுத்து உதறி, திரும்ப ஆணியில் மாட்டினார். ஈக்கள் வந்து அடைந்தன.

"அட்வான்ஸெல்லாம் வேணாம் தம்பி. கையில பேசுனது பேசுனதுதான்" என்றார்.

கார்த்தீஸ்வரன் வாசலைத் தாண்டியது அவனுக்கு நினைவில்லை. ரோட்டைக் கடந்து பெட்டிக்கடைத் தண்ணீர் டிரம்மில் கையை முக்கிக்கொண்டு நின்றதுதான் நினைவிருக்கிறது. கடைக்காரப் பெண் சோப்பை நீட்டினாள். ஒரு சோப்பு முழுக்கத் தேய்த்தான். முடி போனது. வாடை போகவில்லை. தேவிபிரியா பெஞ்சில் சாய்ந்து கிடந்தாள். என்ன என்று கேட்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அந்தக் கடைக்காரி பெயர் பொன்னுத்தாய். அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள், தேவிபிரியாவுக்குக் கேட்காமல் அவனைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"துண்டு போட்டானா?"

"ஆமாக்கா."

"எத்தனை புடிச்சுச்சு?"

புடிச்சான் என்று அவள் கேட்கவில்லை. புடிச்சுச்சு என்றாள்.

"நாலு."

"என்ன கணக்குன்னு கேட்டீகளா? கை உள்ள போறப்பல்லாம் என்ன கணக்குன்னு வாயால சொல்லணும் தம்பி. ரூவாயா, உருப்படியான்னு. அது சந்தை வழக்கம்."

"மொதல்ல லட்சம்னு சொன்னாரே."

"அது சோலைச்சாமி கையோட பேசுனது. அடுத்து வந்த கையோட பேசுனீகளா?"

அவன் பேசியிருக்கவில்லை. பொன்னுத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். சோலைச்சாமியின் அப்பா பால்சாமி அடிமாட்டுத் தரகர். மழை பொய்க்கிற வருஷமெல்லாம் அவருக்குத் திருவிழா. தீவனம் இல்லாமல் எலும்பும் தோலுமாக நிற்கிற மாட்டை வந்தவிலைக்குத் தள்ளிவிட ஜனங்கள் அந்த வீட்டு வாசலில் நிற்பார்கள். தலைக்கு இவ்வளவு என்று லாரிக்காரன் விலையை முன்னாலேயே முடித்திருப்பான். அதனால் பால்சாமி துண்டுக்குள் ரூபாய் பேசியதே கிடையாது. எத்தனை உருப்படி, அதாவது எத்தனை மாடு என்றுதான் விரல் பிடிப்பார். பிடித்துவிட்டால் முடிந்தது. அழுதாலும் விடமாட்டார். கொட்டகை நிறைந்து, வீட்டுக்குள்ளும் மாட்டைக் கட்டி வைத்திருப்பார். கடைசியில் உடம்பெல்லாம் புண் வைத்து, தோல் கழன்று, அந்த மாடுகளுக்கு நடுவிலேயே கிடந்து செத்தார். எடுத்துக் குளிப்பாட்ட ஆள் வரவில்லை.

"செத்தாரே தவிர யாவாரத்த விடல" என்றாள் பொன்னுத்தாய். "மொதல்ல சோலைச்சாமி பொண்டாட்டி போனா. பெறகு மக. மருமகன். அதுக்கப்புறந்தான் இவன் செவத்துல வீடு விற்பனைக்குன்னு எழுதினான்."

"விக்கணும்னா எதுக்குக்கா இந்த வெலை சொல்றாரு?"

"விக்கவா சொல்றான்? நியாயமான வெலைன்னா வாரவன் சரின்னுட்டுப் போயிருவான். கூடச் சொன்னாத்தான பேரம் பேசுவான். பேசுனாத்தான துண்டு விழும். அடுத்தவன் தலைய எண்ணுனாத்தான இவன் தலை தப்பும்."

கார்த்தீஸ்வரனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தக் கிழட்டுப் பயல்மீது, அந்தத் துண்டுமீது, மலிவாக வருகிறது என்று அந்தக் கையை அழுத்திய தன்மீது. எல்லாவற்றையும்விட, எதிரே உட்கார்ந்து சோடா விற்றுக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்த இவள்மீது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சொல்லிப் பாத்தாச்சு. போன வருஷம் பரளச்சிப் பக்கத்து ஆள் ஒருத்தர் வந்தாரு. சொன்னேன். சிரிச்சாரு. ரெண்டுன்னு பேசிட்டு வந்தாரு. அவரும் அவுக வீட்டுக்காரம்மாவும், ரெண்டே பேரு."

"இப்ப?"

"வீடு பூட்டிக் கெடக்கு."

லாரி ஒன்று ரோட்டில் போனது.

"உங்க வீட்டுல மாடு கன்னு உண்டா தம்பி?"

"இல்லக்கா. தறிதான்."

"ஆளுக எத்தனை?"

"நானு, இவ, ஒரு பொண்ணு. மூணு பேரு."

பொன்னுத்தாய் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள். "அப்பத் தப்பிச்சீக. நாலுன்னு பேசி மூணு இருந்தா யாவாரம் செல்லாது. இல்லாத உருப்படிய எவனும் ஏத்த முடியாது. குலசாமிய நெனைச்சுட்டு வீடு போய்ச் சேருங்க."

அவன் தேவிபிரியாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். வீட்டின் விலை கட்டுப்படியாகவில்லை என்று மட்டும் அவளிடம் சொன்னான். அன்று ராத்திரி சோற்றில் கைவைத்தான். அந்த வாடை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். மறுநாள்தான் ஸ்பூன் வாங்கினான். மூன்று பேர்தான், மூன்று பேர்தான் என்று தறி ஓட்டும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொள்வான். கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் தெளிந்தது.

ஆடி பாதியில் தேவிபிரியா தறிக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுச் சிரித்தார். இரண்டு மாதம் முடிந்துவிட்டது என்றார். முதல் பெண்ணுக்குப் பிறகு ஆறு வருஷமாக அவள் வேண்டாத சாமியில்லை. அழுதுகொண்டே அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு மாதம். அவன் ஆனி மாதத்துக்கு எண்ணிப் பார்த்தான்… மறுபடி எண்ணினான்.

மறுநாள் காலையில் தறியை நிறுத்திவிட்டு ரெட்டியபட்டி ரோட்டுக்குத் தனியாகப் போனான். எதிர்ப்புறச் சுவரில் எழுத்து அப்படியே இருந்தது. கதவு பூட்டியிருந்தது. பொன்னுத்தாய் கடையில் வாழைத்தாரைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்க்கா. சினை மாட்ட பால்சாமி எப்படி எண்ணுவாரு?"

பொன்னுத்தாய் முகத்தைச் சுளித்து, திரும்பி ரோட்டில் துப்பினாள்.

"அந்த நீசனை ஏன் கேக்குறீக. எங்க வீட்டு மாட்டயே அப்படித்தான் கொண்டு போனான். வயித்துல கெடக்குறதையும் தடவிப் பாத்து, ரெண்டு உருப்படின்னு எண்ணுவான்."

"உடனே ஏத்திருவாரா?"

"ஏத்த மாட்டான். ஈனட்டும்னு விட்டு வெச்சிருப்பான். கன்னு எந்திரிச்சு நின்ன அன்னைக்கு, விடிய முன்னாடி வந்து, எல்லாத்தையும் மொத்தமா ஓட்டிட்டுப் போயிருவான்… ஏன் தம்பி, என்ன விஷயம்?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அவன் வந்துவிட்டான். தேவிபிரியாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. போன வாரம் வளைகாப்பு நடந்தது. நானும் போய் ஐந்து வகைச் சாதம் சாப்பிட்டு வந்தேன். இதை எழுதும்போது தை பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. டாக்டரம்மா சொல்லியிருப்பது மாசிக் கடைசி.